கேலரியிலிருந்து பார்த்த இறுதி ஆட்டம்

புதிதாக லைசென்ஸ் வாங்கியிருக்கும் கூடைப்பந்து நடுவர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்தத் தெரிந்தவளாக இருந்தால், ஆட்டத்துக்கு ஆட்டம் அத்தனை ஃபவுல் கொடுத்திருக்க மாட்டேன். ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் மதுரைக்காரி. கூடைப்பந்து ஆடிய புண்ணியத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசு வேலை கிடைத்து டெல்லிக்கு வந்தேன். ஆடுகிற வயது போனதும் விசிலை எடுத்தேன். பகலெல்லாம் அமைச்சகத்தில் ஃபைல், சாயங்காலமானால் மைதானம். ஆண்கள் ஆட்டத்தில் பெண் நடுவரா என்று முகம் சுளித்தவர்களுக்கெல்லாம் என் விசில் பதில் சொன்னது. கையை வைத்துத் தடுத்தால் உடனே ஃபவுல். பெயர் பெற்ற ஆட்டக்காரர் என்றாலும் சரி, அணி முதலாளியின் மருமகன் என்றாலும் சரி. "மேடம் வந்தாச்சு, ஃப்ரீ த்ரோ திருவிழாதான்" என்று ஆட்டக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். எனக்கு அது பாராட்டாகவே காதில் விழும். அந்தக் கிண்டலுக்குள் ஒருவனுக்கு வருமானம் ஒளிந்திருக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது.

வெளிநாட்டு லீக்குகளில் நடுவர்கள் சூதாட்டத்தில் மாட்டிக்கொண்ட கதைகளைப் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டுவிட்டு எல்லோரும் ஒன்றைத்தான் நினைப்பீர்கள்: நம்மிடம் எவனாவது கவரை நீட்டினால் அவன் மூஞ்சியில் எறிந்துவிடலாம், அத்தோடு கதை முடிந்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என்னிடம் யாரும் எதையும் நீட்டவில்லை. அப்படியிருந்தும் என் பெயர் பந்தயச் சந்தையில் விலைபோனது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

தொழில்முறை லீக் ஒன்றில் எனக்கு அது கடைசி சீசன். வயது வரம்பு வந்துவிட்டது. சீசன் முழுவதும் டெல்லியில் ஒரே உள்ளரங்கில் நடந்தது. யார் எந்த ஆட்டத்துக்கு நடுவர் என்பது பரம ரகசியம். ஏனென்றால் எந்த நடுவர் என்று தெரிந்தாலே பந்தயக்காரனுக்குப் போதும். நான் இறங்கினால் ஃபவுல் கூடும், அதற்கு ஈடாகத் தடுப்பில்லாமல் எறியும் ஃப்ரீ த்ரோ கூடும், இரண்டு அணியும் சேர்ந்து எடுக்கும் மொத்தப் புள்ளியும் கூடும். யார் ஜெயித்தாலும் அவனுக்கு அக்கறையில்லை, மொத்தத்தின் மேல் பந்தயம் கட்டிவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அதனால் எங்கள் மேற்பார்வையாளர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். பட்டியலை அவர் ஒருவரே போடுவார். அன்றைக்கு ஆட்டம் இருந்தால் காலையில் என் போனுக்கு ஒரு செய்தி வரும், எனக்கு மட்டும். பணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா நடுவர்களும் தினமும் சாயங்காலம் பையோடு அரங்குக்குப் போயாக வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும், ஏன், பக்கத்தில் நிற்கும் சக நடுவருக்கும்கூட, இன்று இறங்குவது யார் என்று தெரியாது. நாங்கள் மைதானத்துக்குள் ஓடிவரும்போதுதான் ஊருக்கே தெரியும்.

இந்த மேற்பார்வையாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கும் பிடிக்காது. பொள்ளாச்சிப் பக்கத்து மனிதர், விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், என் வயதுதான். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. நானோ பேச ஆரம்பிக்கும்போதே உச்சத்தில்தான் ஆரம்பிப்பேன்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் ஒரு மத்தியானம், சாணக்யபுரியில் இருக்கும் நம் மாநில விருந்தினர் இல்லத்து கேன்டீனுக்குச் சாப்பிட வரச் சொன்னார். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். இறுதி ஆட்டம் எனக்குத்தான், அதை நேரில் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். சாம்பார் சாதம் முடியும்வரை மழையைப் பற்றியும் மெட்ரோ கூட்டத்தைப் பற்றியும் பேசினார். ரசம் வந்ததும் சொன்னார்.

"அம்மிணி, பைனலுக்கு உங்க பேரத்தானுங் போட்டிருந்தேன். எடுத்துட்டேன்."

நான் ரசத்தைப் பிசைவதை நிறுத்தினேன். "ஏன்?"

"நீங்க எறங்கற நாள்ல மட்டும், காலையிலயே மொத்தப் புள்ளி மேல பந்தயம் குவியுதுங். மத்த நடுவருங்க நாள்ல அப்படி இல்ல. கம்ப்யூட்டர்ல கண்காணிக்கறவங்க சொல்றாங்க. போன்ல ரெண்டு மூணு குரூப்புல உங்க பேரே அடிபடுதுங்."

"நான் ஒருத்தர்ட்டயும் சொல்லல சார். எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது."

"தெரியுமுங். நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க."

"தெரியுதுல்ல? அப்புறம் எதுக்கு என்னைய எடுக்கிறீங்க?"

"எனக்குத் தெரிஞ்சா பத்தாதுங். கேலரியில உக்கார்றவனுக்குத் தெரியோணும்."

இத்தனை வருஷம் ஓடி ஓடி மூட்டு தேய்ந்தவளுக்கு, கடைசி ஆட்டத்தில் திருடிப் பட்டமா? இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டேன். பாயசம் பரிமாற வந்தவர் வாளியோடு திகைத்து நின்றார்.

"ஒரு நிமிசமுங்" என்றார் மேற்பார்வையாளர். எழுந்திருக்கவில்லை. "பட்டியல் போடறது நானு. உங்களுக்குச் சொல்றதும் நானு. நடுவுல வேற ஆளே இல்லீங். கசிஞ்சா ஒண்ணு உங்ககிட்டயிருந்து, இல்லீன்னா என்கிட்டயிருந்து. உங்கள எடுத்துப்போட்டு நான் மட்டும் உக்காந்திருந்தா அது என்ன நியாயமுங்? நானும் ஒதுங்கிக்கறேன்னு லீக்ல சொல்லிட்டேன். பைனலுக்கு நடுவர் போடறது வேற ஆளு. நீங்களும் நானும் டிக்கெட் வாங்கிட்டு கேலரியில உக்காந்து பாக்கலாமுங்."

இன்றைக்கு இதை எழுதும்போது அதன் அருமை தெரிகிறது. அன்றைக்கு எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இவருக்கென்ன, அடுத்த வருஷமும் பைனல் வரும், எனக்கு வருமா என்றுதான் மனசு கொதித்தது. வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரர் வழக்கம்போல மீட்டர் கெட்டுப்போயிற்று என்றார். நான் பார்த்த பார்வையில் மீட்டர் தானாகச் சரியாகிவிட்டது.

லக்ஷ்மிபாய் நகர் வீட்டில் என் கணவர் கதவைத் திறந்ததும், "மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?" என்றார். அவரும் மத்திய அரசில் இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருந்ததால் காபி, சமையல், மார்க்கெட் எல்லாம் அவர் பொறுப்பு. பணியைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது என்பது விதி. பணி போனதைப் பற்றிப் பேசலாமா என்று விதியில் இல்லை. இருந்தாலும் பேசவில்லை, தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

இறுதி ஆட்டத்தன்று காலை. நடைப்பயிற்சி முடிந்து வந்து உட்கார்ந்தேன். போனில் எந்தச் செய்தியும் வரப்போவதில்லை. வெறுப்பாக இருந்தது.

"என்னங்க, இன்னொரு காபி போடுங்களேன்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. தலையை மட்டும் வெளியே நீட்டினார். "இன்னைக்கா?"

"ஏன், இன்னைக்கு என்ன?"

"பைனலாச்சே. நீ எறங்கலையா?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நான் எறங்குறேன் எறங்கலன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"இதுல என்ன இருக்கு? வாக்கிங் போயிட்டு வந்து ரெண்டாவது காபி கேட்டேன்னா மேட்ச் இல்ல. வேணாம்னா மேட்ச் உண்டு. இதுகூடத் தெரியாமலா உனக்குக் காபி போட்டுக்கிட்டு இருக்கேன்?"

ஆமாம். இரண்டாவது காபி குடித்தால் சாயங்காலம்வரை எனக்கு ஒரு படபடப்பு இருக்கும். ஆட்டமுள்ள நாளில் வேண்டாம் என்பேன். அப்படி ஒரு வழக்கம் எனக்கு இருப்பதே அவர் சொல்லித்தான் தெரியும். கதவுக் கொண்டியில் தொங்கிய மஞ்சள் பை அப்போதுதான் கண்ணில் பட்டது.

"அந்தப் பையில என்ன?"

"தேங்கா. நேத்து ஐ.என்.ஏ. மார்க்கெட்ல வாங்குனது."

"எதுக்கு?"

ஓய்வு பெற்ற மனிதர் பள்ளிக்கூடத்துப் பையனைப் போல முழித்தார். "கோயில்ல உன் பேருக்கு ஒரு அர்ச்சனை. மேட்ச் உள்ள நாள்ல மட்டும் பண்றது. கால் கீல் பிசகிறக் கூடாது, கூட்டத்துல எவனும் உன்னைய ஒரு சொல்லு சொல்லிறக் கூடாதுன்னு. உன்ட்ட சொன்னா வைவ. அதான் சொல்லல."

நான் அவரிடம் ரகசியம் காத்தேன். அவர் என்னிடம் ரகசியம் காத்தார். இரண்டு பேரும் அவ்வளவு யோக்கியமாகக் காத்தோம். நடுவில் எங்கள் கோயில் குருக்கள் என் பெயரையும் கோத்திரத்தையும் நட்சத்திரத்தையும் கணீரென்று சன்னதி முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், ஆட்டமுள்ள ஒவ்வொரு காலையும்.

"அங்க பக்கத்துல யாராரு இருப்பா?"

"காலையில யாரு இருப்பா? ரெண்டு மூணு மாமிங்க. அப்புறம் பின் பிளாக்ல இருக்கானே, ஐ.டி. கம்பெனிக்காரன், அவன் வருவான். தங்கமான பையன். தமிழ் படிக்கக்கூடத் தெரியாது, இங்கயே பொறந்து வளந்தவன். ஆனா ஒருநாள் தவறமாட்டான். 'அங்கிள், இன்னைக்கு ஆன்ட்டி பேருக்கா? ஜல்தி குடுங்க, நான் கியூல நிக்கிறேன்'னு தட்டை வாங்கிக்குவான். சின்ன வயசுல இவ்வளவு பக்தியான்னு நானே நாலு பேர்ட்ட சொல்லி..."

அவர் பாதியில் நிறுத்திவிட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதுதான் விருந்தினர் இல்லத்தில் நடந்ததை அவருக்குச் சொன்னேன். தங்கமான பையனின் பக்தி எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவருக்கே விளங்கிவிட்டது.

"என்னாலதானா உன் பைனல் போச்சு?" என்றார். கண் கலங்கிவிட்டது. எனக்குக் கோபமாக வந்தது, சிரிப்பாகவும் வந்தது. திட்ட வாயைத் திறந்து, முடியாமல், அவர் தோளில் ஓர் அடி வைத்தேன். என்னைக் காப்பாற்றத்தான் அந்த மனிதர் வெயிலிலும் பனியிலும் தேங்காயோடு நடந்திருக்கிறார். அவரை நான் என்ன சொல்வது?

உடனே மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அர்ச்சனை என்று வந்த இடத்தில் அந்தப் பக்கம் சின்னதாக ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் அவர் சிரித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சார், கசிஞ்ச எடம் தெரிஞ்சு போச்சு. எம்மேல குத்தமில்ல, உங்க மேலயும் இல்ல. இன்னும் நேரம் இருக்கு. லீக்ல பேசி என்னைய எறக்குங்க."

நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். "உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு, எனக்குத் தெரிஞ்சிருச்சு. சரிங். இன்னைக்கு சாயங்காலம் வர்ற அத்தன சனத்துக்கிட்டயும் போயி, இந்த அர்ச்சனைக் கதையச் சொல்லி, நம்ப வெச்சுப்போட்டு நீங்க எறங்க முடியுங்களா, அம்மிணி?"

அந்த இளைஞனைப் பற்றிய விவரத்தை லீக்கிலும் போலீசிலும் அவரே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். என் பேருக்கு அர்ச்சனை நடந்த காலைகளில் பந்தய குரூப்புகளுக்குச் செய்தி அனுப்பியதைப் பின்னால் விசாரித்தபோது அவனும் ஒத்துக்கொண்டான். ஆனால் அன்றைக்கு அதெல்லாம் எனக்கு ஒன்றுக்கும் உதவாது. குற்றமில்லை என்று தெரிந்த பிறகும் வெளியே உட்காருவதுதான் ரொம்பக் கஷ்டம். சந்தேகத்தோடு உட்கார்ந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

சாயங்காலம் மூன்று பேரும் கேலரியில் உட்கார்ந்தோம். நான், என் கணவர், மேற்பார்வையாளர். அவர் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வந்திருந்தார். அரங்கு நிரம்பி வழிந்தது. டெல்லி அணி இறுதிக்கு வந்திருந்ததால் சத்தம் காதைப் பிளந்தது. என் இடத்தில் இறங்கியவர் என்னைவிட மிகவும் இளையவர், முதல் இறுதி ஆட்டம். முதல் பாதி முழுக்க நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். எங்கேயாவது சறுக்குவாரா என்று ஓர் அற்ப ஆசை. ஒரு இடத்திலும் சறுக்கவில்லை.

கடைசி நொடிகள். டெல்லி அணி ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறது. அவர்களுடைய செல்லப்பிள்ளையான ஆட்டக்காரர் பந்தோடு கூடையை நோக்கிப் பாய்கிறார். எதிரணித் தடுப்பாளர் முன்னாலேயே இரண்டு காலையும் ஊன்றி நிற்கிறார். இவர் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுப் பந்தைப் போடுகிறார். பந்து கூடைக்குள் விழுகிறது. அரங்கமே எழுந்து நிற்கிறது. விசில்.

அந்த இளைய நடுவர் கையைத் தூக்கிக் கூடை செல்லாது என்று காட்டினார். ஃபவுல் பாய்ந்தவர் மேல். டெல்லி தோற்றது.

என் கணவர் என் காதோரம், "நீயா இருந்தா என்ன குடுத்திருப்ப?" என்றார்.

"இதேதான்" என்றேன்.

அரங்கம் கொதித்தது. காலி பாட்டில் ஒன்று பறந்தது. எங்களுக்குப் பின்வரிசையில் இருந்த இரண்டு இளைஞர்கள் பெஞ்சில் ஏறி நின்று கத்தினார்கள். பெரிய திரையில் அந்தக் காட்சியைத் திரும்பக் காட்டினார்கள். ஒருவன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "சஹி தியா யார்" என்றான், சரியாகத்தான் கொடுத்திருக்கிறார் என்று. மற்றவன் போனைப் பார்த்தபடியே சொன்னான்: "ஷுக்ர் ஹை வோ மேடம் நஹீ தீ." நல்லவேளை, அந்த மேடம் இல்லை. அவள் மட்டும் இந்த விசிலை ஊதியிருந்தால், திரையில் பத்துத் தடவை காட்டினாலும் செட்டிங், முன்பே பேசி வைத்த ஆட்டம் என்றுதான் சொல்லியிருப்பேன், நாற்காலியை உடைத்திருப்பேன் என்றான்.

அந்த மேடம் அவனுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.

நான் திரும்பவில்லை. மேற்பார்வையாளருக்கும் கேட்டிருக்கும். நான் சொன்னேன் பார்த்தீர்களா என்ற தோரணைகூட அவர் முகத்தில் இல்லை. வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். நான் எடுத்துக்கொண்டேன். ஜனங்கள் முணுமுணுத்தார்கள், தங்கள் ஆட்டக்காரரையே நாலு வார்த்தை திட்டினார்கள், பிறகு குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நான் ஊதியிருந்தாலும் அதே விசில், அதே தீர்ப்பு, அதே அளவுக்குச் சரி. ஆனால் அந்த அரங்கம் அப்படிக் கலைந்திருக்காது. அந்த இளைய நடுவர் சுத்தமான பெயரோடு வெளியே வந்தார். நானும்தான்.

அடுத்த வாரம் மேற்பார்வையாளரை நானே அதே கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நன்றி என்று சொல்ல ஆரம்பித்தேன். "அட, சாப்பிடுங் அம்மிணி" என்று வாயை அடைத்துவிட்டார். அதனால் இங்கே எழுத்தில் சொல்லிக்கொள்கிறேன். என்னை நம்பியும் என்னை நிறுத்திய மனிதர் அவர். நிறுத்தியதோடு போகாமல் கூடவே வந்து உட்கார்ந்த மனிதர். என் வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை எதுவென்று கேட்டால், நான் இறங்காத அந்த ஆட்டத்தைத்தான் சொல்வேன்.

உங்களுக்கும் ஒருநாள் அந்த நிலைமை வரலாம். ஒரு தப்பும் செய்யாமல் ஓரமாக உட்காரச் சொல்வார்கள். கத்தத் தோன்றும். கத்துங்கள், தப்பில்லை. ஆனால் இலையை மடித்துவிட்டு எழுந்து போகாதீர்கள். உங்களை யாரென்றே தெரியாத ஒருவன், டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, உங்கள் விசிலை நம்பித்தான் கத்துகிறான், அழுகிறான். அவனிடம் போய் நான் நல்லவள் என்று விளக்க உங்களுக்கு நேரம் கிடைக்காது. அப்புறம், உங்கள் வீட்டில் காபி போடுபவர் யார் என்பதையும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்போது எனக்கு லைசென்ஸ் இல்லை. வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றாயிற்று. தினமும் இரண்டாவது காபி உண்டு. லீக் நடக்கிற நாட்களில் என் கணவர் இன்னும் தேங்காயோடு கோயிலுக்குக் கிளம்பிவிடுகிறார். போன வாரம் நானும் கூடப் போனேன். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு வழக்கம்போல, "யார் பேருக்கு?" என்று கேட்டார்.

"சாமி பேருக்கே பண்ணுங்க" என்றார் என் கணவர்.

திரும்பி வரும் வழியில், எதற்கு இப்படி என்று கேட்டேன். "இன்னைக்கு விசிலோட எறங்குற பிள்ள யாருன்னு நமக்குத் தெரியாதுல்ல" என்றார். "தெரியவும் வேணாம்."

அந்த அர்ச்சனை உங்களில் ஒருவருக்குத்தான்.